கோல்ஃப் கிளப்பை எந்த விரல் பிடிக்க வேண்டும்?

டர்பனில் கோல்ஃப் பழகத் தொடங்குபவர்கள் அடிக்கும் பந்து பெரும்பாலும் வலப்பக்கம் வளைந்து ஓடும். உடனே தோளைத் திருத்துவார்கள், கால் வைக்கும் இடத்தை மாற்றுவார்கள். விரலை மட்டும் கவனிக்க மாட்டார்கள். கிளப்பைத் தொடுவது கை ஒன்றுதான். முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான். (இங்கே சொல்வது வலக்கை ஆட்டக்காரர்களுக்கு. இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

முதலில் இடக்கை. 7 ஐயனை (7ஆம் எண் இரும்புக் கிளப்) எடுங்கள். கிரிப்பின் (கைப்பிடி உறையின்) மேல்நுனியில் ஒரு சென்டிமீட்டர் விட்டு, கிளப்பை ஆள்காட்டி விரலின் நடுக்கணுவிலிருந்து சுண்டு விரலின் அடிவரை சாய்வாகக் கிடத்தி விரல்களை மூடுங்கள். உள்ளங்கையின் அடிச்சதை கிரிப்பின் மேல் உட்கார வேண்டும். அழுத்த வேண்டியவை சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் மூன்றும்தான். இப்போது கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தூக்கிப் பாருங்கள். கிளப் அசையாமல் நின்றால் பிடி சரி. நழுவினால் கிளப் விரலில் இல்லை, உள்ளங்கைக்குள் போய்விட்டது; மறுபடி வையுங்கள்.

அடுத்து, இடக்கைக்குக் கீழே வலக்கை. இதில் வேலை நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் மட்டும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இனி அளவு. முழு பலத்தோடு இறுக்குவது 10, கிளப் நழுவப்போகும் நிலை 1. ஒருமுறை 10 வரை இறுக்கிவிட்டு, மெல்ல மெல்ல 4 அல்லது 5க்கு இறக்குங்கள். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை நசுக்காமல், கீழே விடாமலும் பிடிக்கிற பிடி அது. முன்கை நரம்பு புடைத்திருந்தால் இன்னும் இறங்கவில்லை.

கடைசிப் படிதான் கடினம்: அந்த எண் ஸ்விங் (கிளப்பை வீசுவது) முடியும்வரை மாறக்கூடாது. இடுப்பு உயரத்துக்கு மட்டும் அரை ஸ்விங்காகப் பத்துப் பந்து அடியுங்கள். தொடங்கும்போது, மேலே போனதும், அடித்து முடித்ததும் பிடியின் எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். “நாலு, நாலு, எட்டு” என்று வந்தால், கோளாறு கீழே இறங்கத் தொடங்கும் நொடியில் இருக்கிறது. பலமாக அடிக்கும் ஆசையில் பெரும்பாலோர் இறுக்குவது அங்கேதான்.

வலக்கைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கிடுக்கிபோல் இறுகினால் முன்கை விறைக்கும், மணிக்கட்டு மடங்காது. வேகம் குறையும். பந்தைத் தொடும்போது கிளப் முகம் (பந்தை அடிக்கும் பரப்பு) வலப்பக்கம் பார்த்துத் திறந்தபடியே வரும். பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும் அந்த ஸ்லைஸ் அதுதான். மாறாக, கிளப் மேலே போனதும் இடக்கையின் மூன்று விரல்கள் தளர்ந்தால் கிளப் ஆடும். இறங்கும்போது அவசரமாக மறுபடி பிடிப்பீர்கள், முகம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும். இடக்கை தளர்ந்து வலக்கை மேலோங்கினால் முகம் மூடி, பந்து இடப்பக்கம் வளைந்து ஹூக் ஆகும்.

இரு கை விரல்களையும் கோப்பதா, ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதா என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். நம் டர்பனைச் சேர்ந்த கோல்ஃப் வீரர் பாப்வா சேவ்கோலம், வலக்கைக்குக் கீழே இடக்கை வைத்து, எல்லோருக்கும் நேர்மாறாகப் பிடித்தவர்; அந்தப் பிடியோடுதான் 1959, 1960, 1964இல் டச்சு ஓபன் போட்டியை வென்றார். ஆனாலும் தொடங்குபவர்கள் வழக்கமான பிடியிலேயே பழகுவது நல்லது.

ஜனவரி, பிப்ரவரி கோடைப் புழுக்கத்தில் கை வியர்க்கும். வழுக்குகிறதே என்று தன்னை அறியாமல் இறுக்கிவிடுவோம். பையில் இரண்டு கையுறை, ஒரு துண்டு வைத்திருங்கள். ஒன்று நனைந்தால் மற்றதை மாட்டுங்கள். ரப்பர் கிரிப்பை அவ்வப்போது வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவித் துடைத்தால் பிசுக்கு போய்விடும், பாதி அழுத்தமே போதும்.

அடர்ந்த கிக்கூயு புல்லில் மட்டும் விதிவிலக்கு. புல் கிளப்பின் கழுத்தைச் சுற்றிப் பிடித்து முகத்தை மூடும். அங்கே இடக்கையின் மூன்று விரல்களை 6, 7 வரை ஏற்றலாம். வலக்கையை ஏற்றாதீர்கள்.

ஒரு மாதம் கழித்துக் கையுறையைத் திருப்பிப் பாருங்கள். உள்ளங்கை அடிச்சதையில் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தால், கிளப் இன்னும் உள்ளங்கையில்தான் உருள்கிறது. முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.