பேக்கன் வழியில் ஒரு மூஞ்சி

ஈரோட்டில் இருபது வருஷம் கடைப்பலகை எழுதியவன் நான். பிளெக்ஸ் வந்து கை சும்மா ஆனபோதுதான் ஓவியர் பிரான்சிஸ் பேக்கனின் படங்களைக் கவனித்தேன். 1909இல் டப்ளினில் பிறந்து, முறையாகப் பயிலாமலே லண்டனில் வரைந்து, 1992இல் மறைந்தவர். அவர் வரைந்த முகங்கள் கறிக்கடைக் கொக்கியில் தொங்குவது போல இருக்கும். அப்படி ஒன்றை நாமும் போட்டுப் பார்க்கலாம்.

சோமனூர்ப் பக்கத்துக் காடா துணி இரண்டு முழம் போதும். சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, ஒரு பக்கம் வெள்ளை பிரைமர் பூசிக் காயவிடுங்கள். அப்புறம் கழற்றித் திருப்பி அடியுங்கள். பிரைமர் படாத முதுகுப்பக்கம்தான் நமக்கு வேண்டும். 1940களின் கடைசியிலிருந்து பேக்கன் வரைந்ததும் அதில்தான். வெறுந்துணி சாயத்தைக் குடித்துவிடும், வைத்த கோடு வைத்ததுதான். பலகை எழுதிய பழக்கத்தில் டர்பன்டைன் தொட்டு மூக்கைத் துடைக்கப் போனேன். கன்னம்வரை கருஞ்சிவப்புக் கறை. படத்தில் உருப்படியான இடம் இப்போது அதுதான்.

ஆளை எதிரே உட்காரவைக்காதீர்கள். போட்டோ போதும். பேக்கனும் போட்டோக்காரரிடம் சொல்லி நண்பர்களைப் படம் பிடிக்கவைத்து, கசங்கிக் கிழிந்த அந்த போட்டோக்களைப் பார்த்தே வரைந்தார். நான் எடுத்தது மாமன் கல்யாணப் போட்டோ.

பின்னணி தட்டையான ஆரஞ்சு. சிலுவையடியில் மூன்று உருவங்களை அவர் 1944இல் வரைந்தாரே, அந்த ஆரஞ்சு. இதில் பலகைக்காரனுக்குச் சிரமமில்லை.

முகத்தைப் பிரஷ்ஷால் முடிக்கக் கூடாது. கண், தாடையை எண்ணெய் வண்ணத்தில் தடிப்பாக வைத்து, ஈரம் இருக்கும்போதே துணியால் ஒரு இழுப்பு. அவர் கார்டுராய், ஸ்வெட்டர் துணிகளை வண்ணத்தில் ஒற்றி எடுத்தார்; வரி வரியாகத் தடம் விழும். நமக்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் இருக்கிறது. அதிலும் கழுத்துப்பட்டிக்குப் போடும் ரிப் துணியாகப் பொறுக்கி எடுங்கள். ஒரே இழுப்பு, இரண்டாவது இழுத்தால் சேறு.

வாயைக் கடைசியில் திறந்து வையுங்கள். வாய்நோய்ப் படங்கள் உள்ள பழைய புத்தகம் ஒன்றைப் பாரிஸில் வாங்கி வைத்திருந்தவர் அவர். அவர் வரைந்த அலறும் போப்பின் வாயில் பல் தெரியும்.

காய்ந்ததும் மாமன் வந்து ரொம்ப நேரம் நின்று பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, எனக்குப் பல்லுவலி வந்தது உங்களுக்கு எப்படித் தெரியுமுங்?"