கடலோர வீட்டில் முள்ளில்லாத பெர்ரி: ராஸ்பெர்ரி கனவும் மல்பெரித் தொட்டியும்

சீமைக்கருவேல முள் குத்தாத கால் ராமநாதபுரத்தில் உண்டா? அதனாலோ என்னவோ, 'முள்ளில்லாத ராஸ்பெர்ரி' என்று ஆன்லைனில் பார்த்ததும் மயங்கிவிட்டேன். தை மாதம் இரண்டு செடி வாங்கித் தொட்டியில் வைத்தேன். பங்குனியில் இலை ஓரம் அப்பளம் போலக் கருகியது. சித்திரை முடிவதற்குள் தொட்டி காலி.

செடியைக் குறை சொல்ல முடியாது. ராஸ்பெர்ரியில் பெரும்பாலான ரகங்களின் தண்டு முதல் வருடம் வளரும், அடுத்த வருடம் காய்த்துவிட்டுப் பட்டுப்போகும். நடுவில் நல்ல குளிர் வேண்டும், அதுவும் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணி நேரம். ஸ்காட்லாந்தில் உருவான க்ளென் ஆம்பிள் போன்ற முள்ளில்லா ரகங்களுக்கும் இதே கதைதான். மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் மார்கழி விடியலிலேயே மின்விசிறி ஓடுகிறது. இங்கே அது காய்க்காது, ஆசைப்பட்டுக் காசைக் கரைக்காதீர்கள்.

அப்புறம்தான் மல்பெரிக்கு வந்தேன். முள் கிடையாது, வெயிலுக்கு அஞ்சாது, பழமும் பார்க்க நீட்டிவிட்ட ராஸ்பெர்ரி மாதிரியே இருக்கும். உறவு மட்டும் வேறு: ராஸ்பெர்ரி ரோஜாக் குடும்பம், மல்பெரி ஆல், அத்தி, பலாக் குடும்பம். இலையைக் கிள்ளினால் வடிகிற பாலே சொல்லிவிடும்.

முதலில் தண்ணீர்

நம் பக்கம் செடிகள் சாவது பெரும்பாலும் உப்பில்தான். போர் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், கரித்தால் அதை மட்டுமே நம்பாதீர்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் 1000 பிபிஎம் என்று நான் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதற்கு மேல் காட்டினால் மழைநீரோ ஊற்றுத் தண்ணீரோ சரிபாதி கலந்துதான் ஊற்றுவேன். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடித் தண்ணீரை ஒரு டிரம்மாவது பிடித்து வையுங்கள்.

தினமும் ஒரு குவளை தெளிப்பதுதான் இங்கே பெரிய தப்பு. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். மேல்மண் காய்ந்ததும் அடித்துளை வழியாக ஓடும் அளவுக்கு ஊற்றுங்கள். தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால், நல்ல தண்ணீரை இரண்டு மூன்று தடவை நிறைய விட்டு அலசிவிட வேண்டும்.

குச்சி

குச்சி நட ஐப்பசி மழைக்காலம் வசதி. ஏற்கெனவே பழம் தின்று பார்த்த மரத்தில் வெட்டுங்கள். பட்டுப்பூச்சிக்கு வளர்க்கும் வி-1 போன்ற ரகங்கள் இலைக்காகத் தேர்ந்தெடுத்தவை, பழத்துக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

பென்சில் கனம், ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. பச்சைத் தளிர் வேண்டாம், பட்டை பழுப்பேறிய குச்சி வேண்டும். கீழ்க்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேலே நேராகவும் வெட்டினால் தலைகீழாக நடும் விபத்து நடக்காது. (எனக்கு நடந்தது.) இலைகளைக் கிள்ளிவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி நிழலில் நடுங்கள். தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுப் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. பக்கத்தில் யாராவது இருந்தால் ஒருநாள் நின்று பாருங்கள்.

பத்துப் பதினைந்து நாளில் இலை வரும். அதைப் பார்த்து வேர் பிடித்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். குச்சியில் இருக்கும் சத்திலேயே அது துளிர்க்கும். இழுத்துப் பார்க்கவும் கூடாது. மூன்று மாதம் பொறுங்கள்.

தொட்டி

200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் விரல் கனத்தில் ஏழெட்டுத் துளை போட்டால் போதும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய ஆட்டெரு ஒரு பங்கு. கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். தென்னைநார்க் கழிவு சேர்த்தால் மூன்று முறை அலசிவிட்டுச் சேருங்கள், அதிலும் உப்பு இருக்கும். கரையில் ஒதுங்கும் பாசி, மண் காயாமல் மேலே போர்த்த நல்ல மூடாக்கு, ஆனால் ஒரு மழைக்காலம் நனைந்த பிறகுதான்.

வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மட்டும் நேரே அடிக்கக் கூடாது, தளிரைக் கிழித்துவிடும். சுவருக்குக் கிழக்கே வையுங்கள், இல்லையென்றால் ஒரு கீற்றுத் தட்டி கட்டுங்கள்.

கவாத்து

மல்பெரி புதுத் துளிரில்தான் காய்க்கும். செடிக்கு ஒரு வயது ஆனதும் கிளைகளைப் பாதியாக வெட்டி, மிச்ச இலைகளையும் உருவிவிடுங்கள். செடி மொட்டையாக நிற்பதைப் பார்த்து வீட்டில் திட்டு விழும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு கணுவிலும் துளிரும், அதன் இடுக்கில் பச்சைப் புழு போலப் பிஞ்சும் தெரியும். வெட்டும் ஒவ்வொரு தடவையும் இரண்டு கை எரு போடுங்கள்.

நுனி இலை சுருண்டு கொத்தாகத் தடித்தால் உள்ளே மாவுப்பூச்சி இருக்கும். அந்த நுனியை வெட்டிச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிடுங்கள். நான் வேறு மருந்து அடிப்பதில்லை, பிள்ளைகள் கழுவாமலேயே பறித்துத் தின்கிறார்கள்.

கொண்டைக்குருவிக்கு நம்மைவிட முன்னாலேயே தகவல் போய்விடும். வீட்டில் கிடக்கும் பழைய மீன்வலையைப் போர்த்தாதீர்கள், குருவியின் கால் சிக்கிக்கொள்ளும். கொசுவலைத் துண்டு போதும்.

சிவப்பாக இருக்கும்போது பறித்தால் புளிக்கும். கறுத்து, தொட்டதும் கையோடு வருவதுதான் பழம். அன்றைக்கே தின்றுவிட வேண்டும், மறுநாள் கசிந்துவிடும். விரலில் ஏறிய கறை சோப்புக்கு அவ்வளவு எளிதில் போகாது. அதே செடியின் பழுக்காத காய் ஒன்றை நசுக்கித் தேயுங்கள், போய்விடும்.