சனசமூக நிலைய முற்றத்தில் கராத்தே வகுப்பு நடத்துவது எப்படி

கராத்தேயைப் பரப்ப வெளிக்கிடுபவர் முதலில் அதைச் சின்னதாக்கப் பழகவேண்டும். ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் கராத்தே ஆசான் இத்தோசு அங்கோ பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஐந்து சிறிய கட்டாக்களை, அதாவது வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடர்களை, ஒழுங்கு செய்தார். அவரிடம் படித்த புனகோஷி கிச்சினும் ஒரு பள்ளி ஆசிரியர்தான். 1922இல் தோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டிய அவர், பின்னர் அந்த ஐந்துக்கும் 'ஹெய்யான்' என்று பெயரிட்டார். ஊரில் ஷொட்டோக்கான் (புனகோஷி வழிக் கராத்தே) வகுப்புத் தொடங்குபவருக்கு முதல் ஆறு மாதத்துக்கு அந்த ஐந்தில் முதலாவதான ஹெய்யான் ஷொடான் ஒன்றே போதும்.

நிலைய நிர்வாகத்தின் அனுமதியையும் பெற்றோரின் கையெழுத்தையும் எழுத்தில் வாங்குங்கள். தொய்வு (ஆஸ்துமா) உள்ள பிள்ளை யாரென்று அப்போதே கேட்டு வையுங்கள். வெள்ளை உடுப்பு மூன்று மாதம் கழித்து வாங்கலாம். முதல் நாளே காசு கேட்டால் வரவேண்டிய பிள்ளைதான் நின்றுவிடும்.

நேரத்தை ரியூசன்தான் தீர்மானிக்கும். அதைக் கேட்டறிந்து, கிழமைக்கு இரண்டு பின்னேரம், ஒவ்வொரு மணித்தியாலம் வையுங்கள். ஒரே நாளில் மூன்று மணித்தியாலம் வைப்பதால் பயனில்லை. கடைசி ஒரு மணித்தியாலம் பிள்ளைகள் பிழையைத்தான் பழகுவார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வரவு குறையும், அதற்காகக் கோபப்படவேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்பே கூரையுள்ள இடம் ஒன்றைப் பேசி வையுங்கள். மண் முற்றமென்றால் வகுப்புக்கு முன் கல்லும் நெருஞ்சிமுள்ளும் பொறுக்கவேண்டும். சீமெந்துத் தரையில் மணல் கிடந்தால் வழுக்கும்.

முதல் மாதம் கைமுட்டியும் நிலையும் மட்டும். நாலு விரலையும் இறுக மடித்து, பெருவிரலை வெளியே குறுக்காக வைக்கவேண்டும். உள்ளே வைத்துக் குத்தினால் பெருவிரல் முறியும். புறங்கையும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் மணிக்கட்டு சுளுக்கும்.

முன்காலை மடித்துப் பின்காலை நீட்டி நிற்கும் சென்குட்சு நிலையில் கால்களுக்கிடையே தோளகலம் இருக்கவேண்டும். நீளம் அதன் இருமடங்களவு. பிள்ளைகள் இரண்டு பாதத்தையும் கயிற்றில் நடப்பதுபோல ஒரே கோட்டில் வைப்பார்கள். பக்கவாட்டில் தோளை மெல்லத் தள்ளிப் பாருங்கள், சரிந்தால் அகலம் போதாது. பின் குதிக்கால் எழும்பினால் நிலை அந்தப் பிள்ளைக்கு நீளம் கூடிவிட்டது. திட்டாமல் குறைத்துவிடுங்கள்.

இனி ஹெய்யான் ஷொடான் கட்டா. மொத்தம் 21 அசைவு, 9ஆவதிலும் 17ஆவதிலும் கியாய் என்ற உரத்த சத்தம். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவே இரண்டையும் இணைக்கும் கோடு என்று, விளையாட்டுப்போட்டிக்குப் போடுவதுபோலச் சுண்ணாம்புத் தூளால் நிலத்தில் போடுங்கள். பத்து மீற்றர்ச் சதுர முற்றத்தில் ஒரே நேரத்தில் நாலு பேர் செய்யலாம். மற்றவர்கள் இருந்து 'இச், நி, சன்' என்று ஜப்பானிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணட்டும். பார்த்து எண்ணுவதும் பயிற்சிதான்.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். 4ஆவது அசைவில் முன்காலை உள்ளே இழுத்து மீண்டும் வைக்கவேண்டும். கையைச் சுழற்றுகிற ஆர்வத்தில் கால் மறந்துபோகும். 10ஆவதில் வலது காலை ஊன்றி, இடது காலைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் 270 பாகை திரும்பவேண்டும். அநேகர் குறுக்குவழியாக வலப்பக்கம் 90 பாகை திரும்பிவிடுவார்கள். முகம் சரியான திசையில்தான் இருக்கும், ஆனால் முன்னுக்கு நிற்பது வலது காலாகிவிடும். இந்த ஒரு திருப்பத்தை மட்டும் கையசைவில்லாமல் இருபது தடவை செய்விக்கவேண்டும். 21 முடிய, தொடங்கிய புள்ளிக்கு வந்திருக்கவேண்டும். வராவிட்டால் காலடி ஒவ்வொன்றும் வேறு வேறு நீளம்.

மாதாமாதம் இடுப்புப் பட்டி மாற்றுவது வகுப்பை நிரப்பும், கலையைக் கெடுக்கும். முதல் வருடம் முடிய, நிதானமான மூத்த மாணவர் இருவரிடம் உடற்பயிற்சியை ஒப்படையுங்கள். மாதத்தில் ஒரு நாள் மாஸ்டர் பின்வரிசைக்குப் பின்னால் நின்று, வாய் திறக்காமல் பார்க்கட்டும். வரவுப் புத்தகமும் மண்டபத் திறப்பும் அந்த மூத்த மாணவர் இருவரின் கையில் இருக்கவேண்டும். மாஸ்டருக்குக் காய்ச்சல் என்றாலும் ஐந்து மணி வகுப்பு ஐந்து மணிக்கே தொடங்கவேண்டும்.