வீட்டுத் தண்ணீர் தெருக் குழாய்க்குள் திரும்பிப் போகாமல் தடுப்பது எப்படி

குழாயில் தண்ணீர் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் ஓடும் என்று நம்ப வேண்டாம். அழுத்தம் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் ஓடும், அவ்வளவுதான். சப்ளை நின்றாலோ, மெயின் லைன் உடைந்தாலோ, தெருவில் நாலு பேர் மோட்டார் போட்டு இழுத்தாலோ, உங்கள் வாளியிலும், சம்ப் என்கிற தரையடித் தொட்டியிலும் முங்கிக் கிடக்கும் பைப் வழியாக அங்கே இருக்கும் தண்ணீர் பொதுக் குழாய்க்குள் ஏறிவிடும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது அதைக் குடிப்பது பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். நம் ஊர்கள் பலவற்றில் சில மணி நேரம்தான் சப்ளை. மிச்ச நேரம் முழுக்க குழாயில் அழுத்தமே இருக்காது. அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வரும் ஊரிலேயே இது நடந்திருக்கிறது. 1969இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலி கிராஸ் கல்லூரியின் ஃபுட்பால் அணியில் பெரும்பாலானவர்களுக்கு ஹெபடைடிஸ் என்கிற கல்லீரல் அழற்சி தொற்றி, அந்த சீசனின் மிச்ச ஆட்டங்களையே ரத்து செய்தார்கள். பக்கத்தில் பிடித்த தீயை அணைக்கத் தண்ணீரை இழுத்ததில் லைனில் அழுத்தம் விழுந்து, மைதானத்தில் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் வைத்த குழியில் தேங்கிய அழுக்குத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் போய்விட்டது.

சரி, நம் வீட்டில் என்ன செய்வது? முதலில் சம்ப் மூடியைத் திறந்து பாருங்கள். தெரு லைன் வந்து விழும் பைப்பின் வாய், சம்ப் நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இடையில் காற்று இருக்க வேண்டும். பைப் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, எப்படியும் 25 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அரை இஞ்ச் பைப்புக்கு 30 மில்லிமீட்டர் விட்டால் போதும். தண்ணீர் விழும் சத்தம் கேட்கக் கூடாது என்று சில வீடுகளில் பைப்பை அடிவரை இறக்கியிருப்பார்கள், அதை இன்றைக்கே வெட்டிவிடுங்கள். தொட்டி நிரம்பியதும் மிதவைப் பந்து எழும்பித் தானாக மூடும் பால் வால்வ் இருக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள், அது பழுதானால் மட்டம் ஏறி வாய் முங்கிவிடும். ஓவர்ஃப்ளோ பைப் ஒன்று பைப் வாய்க்குக் கீழே இருந்தால்தான் இடைவெளி நிலைக்கும். அந்த ஓவர்ஃப்ளோவும் சாக்கடைக்குள் நேரே போய்ச் சேரக் கூடாது.

இதே கணக்குதான் ஓஸ் பைப்புக்கும். தெரு லைன் குழாயில் ஓஸ் மாட்டி டிரம்மிலும் வாளியிலும் போட்டுவிட்டுப் போகும் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். நிரப்பும்போது நுனியைக் கையில் பிடித்து வாளியின் விளிம்புக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மருந்தடிக்கும் கேனுக்கு இதில் விதிவிலக்கே கிடையாது.

தெரு லைனில் நேரடியாக மோட்டார் மாட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அது உறிஞ்சும்போது சாக்கடைக்கு அருகே விரிசல் விட்டிருக்கும் பழைய குழாய், வெளியே இருக்கும் கழிவையும் சேர்த்து உள்ளே இழுக்கும். பல மாநகராட்சிகள் இப்படி மாட்டிய மோட்டாரைப் பறிமுதல் செய்கின்றன, செய்யவும் வேண்டும். சம்ப்பில் தானாக விழும் தண்ணீரை மட்டும் மோட்டாரில் ஏற்றுங்கள்.

போர்வெல் இருக்கும் வீட்டில் இன்னொரு ஆபத்து. போர் லைனையும் கார்ப்பரேஷன் லைனையும் ஒரு டி போட்டு இணைத்து, நடுவில் ஒரு கேட் வால்வ் வைத்துவிட்டு "மாற்றி மாற்றித் திறந்துக்கலாம் சார்" என்பார் பிளம்பர். ஒத்துக்கொள்ளாதீர்கள். வால்வ் சற்றே கசிந்தாலும், போர் மோட்டாரின் அழுத்தம் தெரு லைனுக்குள் தள்ளிவிடும். இரண்டும் தனித்தனியாக வந்து தொட்டிக்கு மேலே தனித்தனியாக விழட்டும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இணைப்பு இருக்கிறதா என்று தெரிய, சப்ளை இல்லாத நேரத்தில் தெரு லைன் குழாயைத் திறந்து வைத்துப் போர் மோட்டாரைப் போடுங்கள். தண்ணீர் வந்தால் எங்கேயோ இணைந்திருக்கிறது.

மீட்டருக்கு அடுத்து, தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வ் ஒன்று போடுவது நல்லது, அம்புக்குறி வீட்டுப் பக்கம் பார்க்க வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், ஒரு மணல் துணுக்கு சிக்கினாலே முழுசாக மூடாது. அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். மருத்துவமனை, சாயப்பட்டறை மாதிரி இடங்களுக்கு இது போதவே போதாது, காற்று இடைவெளியோ, அதற்கென்றே வரும் பரிசோதிக்கக்கூடிய தடுப்பு வால்வோ வேண்டும்.

குழாயில் தண்ணீர் கலங்கியோ நாற்றமடித்தோ வந்தால் சம்ப்புக்குள் விடாமல் வெளியே திருப்பிவிட்டு, உடனே குடிநீர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். சம்ப்பில் ஏற்கெனவே கலந்துவிட்டால் முழுக்க இறைத்து, சுவர்களைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் பிடித்த பிறகு 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள்.