ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும்: புதிய நடைமுறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜீவனாம்சம் கேட்க வழிசெய்த, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு இருந்த இடத்துக்கு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு வந்துவிட்டது. பிரிவின் எண் மாறியதைப் பலரும் கவனித்தார்கள். ஆனால் ஜீவனாம்ச மனுக்கள் தடுமாறும் இடம் வேறு: ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் இரு தரப்புக்கும் கட்டாயமாக்கிய சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரத்தை வெறும் சடங்காக நினைத்து நிரப்புவதே என் கணக்கில் முதல் தவறு.

மாத வருமானம் 12,000 ரூபாய் என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே 15,000 ரூபாய் கார் கடன் தவணையைக் காட்டுபவரின் மற்ற விவரங்களையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் படிப்பார். டியூஷன் வருமானத்தை மறைக்கும் மனைவிக்கும் இதே கதிதான். பொய்யான விவரம் தந்தால் நீதிமன்றத்தில் பொய் சொன்ன குற்றத்துக்கான நடவடிக்கை தனியே வரும். எதிர்த்தரப்பு நான்கு வாரத்துக்குள் தன் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்; வேண்டுமென்றே வாய்தா வாங்கி இழுத்தடித்தால் எதிர்வாதமே நீக்கப்படலாம். குழந்தைக்கான செலவைக் குத்துமதிப்பாக எழுதாமல், பள்ளிக் கட்டண ரசீது, வேன் கட்டணம், மருந்துச் சீட்டு ஆகியவற்றை இணைப்பது நல்லது.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே தொகை பெறுபவர் அதைப் புதிய மனுவில் சொல்லாமல் விடக் கூடாது. ஜீவனாம்சம் மனு தாக்கல் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்பதால், ‘பேசிப் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடும் மாதங்கள் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை. 144ஆம் பிரிவின்படி நிலுவையை வசூலிக்க வாரண்ட் கேட்பவர், அந்தத் தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு செய்தாக வேண்டும்.

குழந்தைப் பொறுப்பில் நடக்கும் தவறுகள் வேறு வகை. பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்று பணத்தை நிறுத்துவதும், பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருப்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். இரண்டுக்கும் தனித்தனி மனுதான் வழி. குழந்தைப் பொறுப்பு கேட்கும் மனுவையும் குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் போட வேண்டும் என்கிறது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போன பிள்ளையை அங்கேயே வைத்துக்கொண்டு வழக்குப் போடுவது எடுபடுவது கடினம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருக்கும் என்ற இந்துச் சட்ட விதியும் பொதுவிதி மட்டுமே, குழந்தையின் நலனே அதற்கு மேல்.

கடைசியாக, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து அழைத்து வராதீர்கள். தன் அறையில் தனியாகப் பேசும் நீதிபதியிடம் ஒன்பது வயதுப் பிள்ளை ‘மன உளைச்சலுக்கு ஆளாக்கினார்’ என்று ஒப்பித்தால், அது யாருடைய வாசகம் என்று கண்டுபிடிக்க அவருக்கு நேரம் ஆகாது.