பந்தை விடுங்கள், டிஃபன்ஸைப் பாருங்கள்

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்த புதிதில் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு சீசன் முழுக்க. பந்து வைத்திருக்கும் அணியைத் தடுக்க எதிரே நிற்கும் 11 பேர், அதாவது டிஃபன்ஸ், என்ன செய்கிறார்கள் என்பதே தெரியாது. அதற்கு ஒரு வழி சொல்கிறேன்.

முதலில், ஸ்னாப்புக்கு முன்னால், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன்னால், டிஃபன்ஸ் பக்கம் தரையில் கையூன்றி நிற்பவர்களை எண்ணுங்கள். நான்கு பேர் என்றால் பெரும்பாலும் 4-3 என்ற அமைப்பு, மூன்று பேர் என்றால் 3-4. அடுத்த எண், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள் எத்தனை பேர் என்பது. சில சமயம் லைன்பேக்கரும் கையூன்றுவார், அதனால் இந்த எண்ணிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

அப்புறம் நடுவில் நிற்கும் குண்டு ஆளைப் பாருங்கள். என்னைக் கேட்டால் ஆட்டத்தின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. பழைய பாணி 3-4-இல் இவர் பெயர் நோஸ் டேக்கிள், எதிரணியில் பந்தை ஸ்னாப் செய்யும் சென்டரின் மூக்குக்கு நேராக நின்று அவருக்கு இரு பக்கமும் உள்ள சந்துகளை அடைக்க வேண்டும். நியூ இங்கிலாந்து அணியில் ஆடிய வின்ஸ் வில்ஃபோர்க் 140 கிலோவுக்கு மேல் எடை இருந்தவர். அவரைத் தடுக்க இரண்டு பேர் வந்தால், பின்னால் இருக்கும் லைன்பேக்கர் தடையில்லாமல் ஓடிப் போய்ப் பந்து வைத்திருப்பவரைப் பிடிப்பார். பேர் லைன்பேக்கருக்கு, உழைப்பு நோஸ் டேக்கிளுக்கு. 4-3-இல் டேக்கிளுக்கு ஒரே சந்துதான், அதில் பாய்ந்து, பந்தை எறியும் குவாட்டர்பேக்கை அமுக்கலாம். எறியும் முன்பே அவரை வீழ்த்தினால் அது சாக். டாம்பா பேயின் வாரன் சாப் 2000-இல் 16.5 சாக் எடுத்தது அப்படித்தான்.

இரண்டுக்கும் பெயர் டேக்கிள்தான், வேலை வேறு. ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த் டென்னசியில் 4-3 ஆடிக் கலக்கியவர். 2009-இல் வாஷிங்டன் அணி 7 வருடத்துக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. மறு வருடம் மைக் ஷனஹான் கோச்சாக வந்து 3-4-க்கு மாற்றினார், இவரோ நோஸ் டேக்கிள் ஆட மாட்டேன் என்று முரண்டு பிடித்தார், 2011-இல் வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆளும் அவரேதான், பணமும் அதேதான், ஸ்கீம் மட்டும் மாறியது.

ஓரத்தில் நிற்பவர்களைப் பற்றி அவ்வளவு குழம்ப வேண்டாம். 4-3-இல் ஓரத்தில் கையூன்றி நிற்கும் டிஃபன்சிவ் எண்ட் செய்யும் வேலையை, அதாவது குவாட்டர்பேக்கை விரட்டுவதை, 3-4-இல் பெரும்பாலும் அவுட்சைட் லைன்பேக்கர் நின்றபடி செய்வார். ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் ஆடியது இந்த இடத்தில்தான்.

சரி, இப்போது பின்னால் பாருங்கள். ஆழத்தில் இரண்டு சேஃப்டிகள் (கடைசிக் காவலர்கள்) நின்றால், அந்த இருவரும் ஆழப் பகுதியைப் பாதிப் பாதியாகக் காக்கும் கவர் 2 ஆக இருக்கலாம். அவர்கள் இருவருக்கும் நடுவே பெரிய ஓட்டை விழும். பயிற்சியாளர்கள் டோனி டங்கியும் மான்டி கிஃபினும் டாம்பாவில் வளர்த்தெடுத்த டாம்பா 2 என்ற முறையில் நடு லைன்பேக்கர் பின்வாங்கி ஓடி அந்த ஓட்டையை அடைப்பார், அதனால் அவருக்கு உடம்பை விட வேகம் முக்கியம். சிகாகோவில் அந்த வேலையைச் செய்த பிரையன் அர்லாக்கர் கல்லூரியில் சேஃப்டியாக ஆடியவர்!

பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவருக்கு எதிரே நிற்கும் கார்னர்பேக்கிடம் கண்ணைக் கவனியுங்கள். குவாட்டர்பேக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் ஸோன் (தன் இடத்தைக் காப்பது), ரிசீவரை விட்டுக் கண் எடுக்காமல் ஒட்டிக்கொண்டே போனால் மேன் (ஓர் ஆளைக் காப்பது).

எல்லாவற்றையும் ஒரே நாளில் முயல வேண்டாம். அடுத்த மேட்ச்சில் முதல் குவாட்டர் முழுக்க அந்த நடு ஆளை மட்டும் பாருங்கள், பந்து எங்கே போனது என்று கமென்டேட்டர் சொல்லிவிடுவார்.