சூடு ஆறாமல் வீடு சேர: 1950களின் பிரிட்டன் பாணியில் முதியோருக்கு மதியச் சாப்பாடு

போருக்குப் பிந்தைய பிரிட்டனில் தனியாக வாழ்ந்த முதியவர்களின் வீட்டுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோன வேலையில் பெரும்பங்கு, டபிள்யூ.வி.எஸ். என்ற மகளிர் தன்னார்வச் சேவையின் பச்சைச் சீருடைப் பெண்களுடையது. 1938இல் லேடி ரெடிங் தொடங்கிய அமைப்பு அது. 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டப்படி உள்ளாட்சிகள் இந்தச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்கலாம், தாங்களே நடத்த முடியாது. அந்த அதிகாரம் 1962 திருத்தத்தில்தான் வந்தது. இடைப்பட்ட 14 வருடமும் தன்னார்வலர்கள் இல்லாமல் வண்டி ஓடியிருக்காது.

அந்த முறையில் ஒரு சுற்று நடத்த முதலில் வேண்டியது பெயர்ப்பட்டியல். யாருக்குத் தேவை என்பது டாக்டருக்கும் வீடு வீடாகப் போகும் மாவட்ட நர்ஸுக்கும் வீட்டு உதவியாளருக்கும் தெரியும், அவர்களிடம் கேளுங்கள். பெயரோடு மாடி எண், காது கேட்குமா, சாவி எந்தப் பக்கத்து வீட்டில் இருக்கிறது, எதைச் சாப்பிடக்கூடாது என்பதையும் எழுதுங்கள். வண்டி ஓட்டுபவர் நாளைக்கு வராமல் போனால், புதிதாக வருபவருக்கு இந்தத் தாள்தான் வழிகாட்டி.

சமையலுக்குத் தனி அடுப்பு போட வேண்டாம். பள்ளிக்கூடம், மருத்துவமனை, தொழிற்சாலை கேன்டீன் என்று ஏற்கெனவே பெரிய அளவில் சமைக்கும் இடத்தில் சொல்லி வாங்குவதே மலிவு. பள்ளிச் சமையலறையில் ஒரு கண்ணி உண்டு: விடுமுறையில் அது மூடிவிடும், முதியவர்களுக்குப் பசி விடுமுறை எடுக்காது. மாற்று இடத்தை விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே பேசி வையுங்கள்.

இனி சூடு. இந்த வேலை பாழாவது பெரும்பாலும் இங்கேதான். அடியில் கரி எரியும் உலோகப் பெட்டியும் இருந்தது, வெறும் வைக்கோல் பெட்டியும் இருந்தது. கரிப்பெட்டி என்றால் வண்டியின் கண்ணாடியை இறக்கியே ஓட்டுங்கள். கரிப்புகை ஆளைக் கொல்லும். வைக்கோல் பெட்டிக்கு மரப்பெட்டியின் அடியிலும் நாலு பக்கமும் 10 செ.மீ. கனத்துக்குக் காய்ந்த வைக்கோலை இறுக்கி அடைத்து, மேலே ஒரு வைக்கோல் மெத்தை வைத்து மூடுங்கள். ஈரம் பட்ட வைக்கோல் சூட்டைக் காக்காது. பாத்திரத்தில் முதலில் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, உணவை விளிம்புவரை நிரப்புங்கள். அரைப் பாத்திரம் சீக்கிரம் ஆறும். இன்றைய பிரிட்டிஷ் விதிப்படி சூடான உணவு 63 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக்கூடாது. கடைசி வீட்டில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், முதல் வீட்டில் அல்ல.

இருபது பேருக்கு வெந்த இறைச்சி 2 கிலோ, உருளைக்கிழங்கு 4 கிலோ, வேறொரு காய் 2 கிலோ, கிரேவி ஒன்றரை லிட்டர், புட்டிங், அதன்மேல் ஊற்றக் கஸ்டர்ட் 2 லிட்டர். இரண்டு பேருக்குக் கூடுதலாகவே எடுங்கள். கரண்டி ஒருபோதும் சமமாக அள்ளாது. உருளைக்கிழங்கை மசித்துவிடுங்கள்: சூடு நிற்கும், பொய்ப்பல் போட்டவரும் மெல்லலாம். முட்டைக்கோஸ் ஒரு மணி நேரம் மூடிக் கிடந்தால் மஞ்சளாகி நாறும். கேரட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. பொரித்த மீன் வேண்டவே வேண்டாம், நமுத்துப்போகும்.

வண்டிக்கு இரண்டு பேர்: ஒருவர் ஓட்ட, ஒருவர் பரிமாற. வீட்டுக்கு நாலு நிமிடம் என்றால் இருபது வீட்டுக்கு 80 நிமிடம், வண்டி நகரும் நேரம் தனி. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினால் கடைசி வீட்டில் ஒன்றரை தாண்டிவிடும். மாடிப்படி அதிகமுள்ள தெரு என்றால் பதினைந்து வீட்டோடு நிறுத்துங்கள். வாரம் இரண்டு நாள் மட்டுமே சாப்பாடு போன ஊர்கள் நிறைய. அது போதாது என்பது உண்மை. ஆனாலும் ஐந்து நாள் சொல்லி மூன்றாம் நாள் வராமல் போவதைவிட, சொன்ன இரண்டு நாளும் தவறாமல் போவது மேல்.

காசு வாங்குங்கள், கொஞ்சமானாலும். பழைய ஏழைச் சட்டத்தையும், அதன்படி வறியவர்களைத் தங்கவைத்து வேலை வாங்கிய உழைப்பகத்தையும் நேரில் கண்ட தலைமுறை அது. தர்மச் சோறு என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். மீதிச் செலவுக்கு உள்ளாட்சி மானியம்.

கதவு திறக்காவிட்டால் தட்டை வாசலில் வைத்துவிட்டு நகராதீர்கள். காலையில் வந்த பால் பாட்டில் எடுக்கப்படாமல் நிற்கிறதா பாருங்கள், தபால் துவாரம் வழியே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். அப்போதும் பதிலில்லை என்றால் ஒருவர் அங்கேயே நிற்க, மற்றவர் டாக்டருக்கோ போலீசுக்கோ போன் செய்ய வேண்டும். மற்ற வீடுகளுக்குத் தாமதமாகும். ஆகட்டும்.